மட்டக்களப்பு – அம்பாறைக்கு உள்ளூர் வானொலி: உரிமம் யார் கையில் இருக்க வேண்டும்?

படுவான்கரையான்:

மாரி தொடங்கப் போகிறது. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவைத் திறக்கப் போகிறார்கள் என்ற தகவல் வவுணதீவுப் பக்கம் இருக்கும் ஒருவருக்கு எப்படி வந்து சேர்கிறது? யாரோ யாருக்கோ சொல்லி, அது வட்ஸ்அப் குழுவில் ஏறி, போன வருடத்துப் படத்தோடு சேர்ந்து, எது உண்மை என்று தெரியாத கோலத்தில் வந்து சேர்கிறது. அந்த நேரத்திலும் வீட்டில் வானொலி போய்க்கொண்டுதான் இருக்கும். அதில் கொழும்பில் எந்தச் சந்தியில் வாகன நெரிசல் என்று சொல்வார்கள். வலையிறவுப் பாலத்தால் போகலாமா, எந்தப் பாடசாலையைத் தங்குமிடமாகத் திறந்திருக்கிறார்கள், வயலுக்குள் நிற்கும் மாட்டை எந்தப் பக்கம் ஓட்டுவது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

சக்தி எப்.எம்மும் சூரியன் எப்.எம்மும் 1998இல் வந்தன. அதற்குப் பிறகு இன்னும் சில வந்தன. அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. நல்ல தமிழையும் நல்ல அறிவிப்பாளர்களையும் தந்திருக்கிறார்கள். ஆனால் அவை நாடு முழுவதற்குமானவை. கலையகமும் விளம்பரக்காரரும் கொழும்பில். எங்கள் இரண்டு மாவட்டங்களுக்கென்று, எங்கள் ஆட்கள் இங்கேயே இருந்து நடத்தும் சிறிய ஒலிபரப்புக்கு உரிமம் எடுக்க ஒழுங்கான வழி ஏன் இல்லை?

என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். உரிமம் வழங்கும் அதிகாரம் அமைச்சரின் கையில் இருக்கக் கூடாது. சுயாதீன ஆணைக்குழு ஒன்றிடம் இருக்க வேண்டும். அரச வானொலி, கம்பனி வானொலி என்ற இரண்டுக்கும் அப்பால் மக்கள் வானொலி என்று மூன்றாவது வகையைச் சட்டம் ஏற்க வேண்டும். உடன்படாதவர்களும் எழுதுங்கள்.

கல்முனைக்கரை:

தம்பி, நல்ல விசயத்தைத் தொடங்கியிருக்கிறீர்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடிபட்டுப் பிள்ளைகள் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. வானொலி இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் நியாயம் இல்லை. ஆனால் எந்த வீதியில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை மணிக்கு மணி சொல்ல ஒரு குரல் இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்பாறை மாவட்டத்தில் இருந்து பிறை எப்.எம் ஒலித்ததைச் சேர்த்துச் சொல்லுங்கள். அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பிராந்திய சேவை. எங்கள் ஊர்ப் பேச்சை வானொலியில் கேட்பது என்றால் என்ன என்பதை அதுதான் காட்டியது. ஆனால் பிராந்திய சேவைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று தீர்மானிப்பது கொழும்புத் தலைமையகம். அங்கே தலைவரை நியமிப்பது அரசாங்கம். மேலே ஆள் மாறினால் கீழே எல்லாம் மாறும். உரிமம் எங்கள் கையில் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதுதான்.

சட்டம்படிப்பவள்:

சட்டம் என்ன சொல்கிறது என்பதை வைத்துக்கொண்டு பேசினால் நல்லது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தனியார் ஒலிபரப்புக்கென்று தனிச் சட்டமே எங்களிடம் கிடையாது. இருப்பது அரச கூட்டுத்தாபனங்களை நிறுவிய சட்டங்களில் செருகப்பட்ட பிரிவுகள். வானொலிக்கு, 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. இலங்கை வானொலியைக் கூட்டுத்தாபனமாக்கிய சட்டம் அது. தனியாருக்கு உரிமம் கொடுக்கலாம், கொடுப்பவர் அமைச்சர், அவர் கூட்டுத்தாபனத்தைக் கலந்துகொள்வார். தொலைக்காட்சிக்கு, 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. அங்கேயும் அதே அமைப்பு. தொழிலுக்கு வரப்போகிற புதியவரைப் பற்றி, ஏற்கெனவே தொழிலில் இருக்கும் அரச நிறுவனத்திடம் அபிப்பிராயம் கேட்கிறார்கள். போட்டியாளரிடமே கேட்டு அனுமதி கொடுக்கிற முறை இது.

அடுத்த படி அலைவரிசை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் இல்லாமல் யாரும் ரேடியோ அலைவரிசையைப் பாவிக்க முடியாது. ஆக இரண்டு கதவு. ஒன்று ஊடக அமைச்சில், மற்றது ஆணைக்குழுவில். இரண்டும் திறந்தால்தான் ஒலிபரப்பு.

இதில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்: விண்ணப்பத்தை எந்த அளவுகோலால் நிறுப்பது என்று 44ஆம் பிரிவில் இல்லை. பகிரங்க விசாரணை இல்லை. பெரிய வானொலிகள் 90களில் உரிமம் பெற்றதெல்லாம் இந்த வழியில்தான். பிறகு கம்பனியின் பங்குகளை விற்றால் அலைவரிசையும் கூடவே கைமாறும். பொதுமக்களின் சொத்து தனியார் பேரத்தில் போகிறது.

இதை மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. 1997இல் ஒலிபரப்பு அதிகார சபைச் சட்டமூலம் வந்தது. உயர் நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்பட்டு, அரசியலமைப்புக்கு முரணானது என்று விழுந்தது. அந்தத் தீர்ப்பை ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். அலைவரிசைகள் அளவானவை, அதனால் அவற்றைப் பகிர ஒரு அமைப்புத் தேவை என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அந்த அமைப்பு அரசாங்கத்தின் பிடியில் இருந்து விலகியதாக இருக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டமூலத்தின் சபை அமைச்சரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அரச நிலையங்களுக்கு ஒரு நீதி, தனியாருக்கு இன்னொரு நீதி என்றும் இருந்தது. சமத்துவம், சிந்தனைச் சுதந்திரம், பேச்சுச் சுதந்திரம் மூன்றும் மீறப்படுவதாக நீதிமன்றம் கண்டது. அதோடு அந்தச் சட்டமூலம் முடிந்தது. ஆனால் பழைய 44ஆம் பிரிவு அப்படியே கிடக்கிறது.

அலைக்கம்பம்:

ஒலிபரப்புக் கருவிகளோடு வேலை செய்தவன் என்ற முறையில் தொழில்நுட்பப் பக்கத்தைச் சொல்கிறேன். "அலைவரிசை இல்லை" என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். அது எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எப்.எம் பட்டை 87.5இல் இருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை. 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கினால் கடதாசியில் சுமார் 100 இடம் வரும். நடைமுறையில் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் வைக்க முடியாது, ஒன்று மற்றதைத் தின்னும். நாடளாவிய வானொலி ஒவ்வொன்றும் மலை மறைப்பதால் பல இடங்களில் பல அலைவரிசை வைத்திருக்கிறது. அதனால் நெரிசல் உண்மைதான். ஆனால் இது பெரிய சக்தியில் ஒலிபரப்புகிறவர்களுக்கான கணக்கு. சிறிய சக்திக்கு வேறு கணக்கு.

இந்தியாவில் சமுதாய வானொலிக்கு 100 வாட், கோபுரம் 30 மீற்றர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். எங்கள் கரை தட்டையான நிலம். களுவாஞ்சிகுடியில் அந்த அளவில் ஒன்றை நிறுத்தினால் வடக்கே கிரான்குளம், தெற்கே கல்முனை, பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் வரை சுமாராகக் கேட்கும். அதற்கு அப்பால் அந்த அலை செத்துவிடும். அதே அலைவரிசையைப் பொத்துவிலில் இன்னொருவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரே ஒரு அலைவரிசையை ஒதுக்கினாலே கரை நெடுகப் பல இடங்களில் திரும்பத் திரும்பப் பாவிக்க முடியும்.

ஆனால் ஒன்று, உரிமமே வேண்டாம், ஆளாளுக்கு ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன். மலிவான டிரான்ஸ்மிட்டரை வாங்கி, வடிகட்டி போடாமல் ஏற்றினால், அதன் இரண்டாவது ஹார்மோனிக், அதாவது இரு மடங்கு அலைவரிசையில் கூடவே எழும் தேவையற்ற அலை, 175இல் இருந்து 216 மெகாஹெர்ட்ஸுக்குள் போய் விழும். அங்கே விஎச்எப் தொலைக்காட்சி இருக்கிறது. பக்கத்து வீட்டில் படம் கோடு கோடாக ஓடும். அதைவிடப் பெரிய ஆபத்து, 108க்கு மேலே தொடங்குவது விமானங்களின் பட்டை. திமிலைதீவில் விமான நிலையத்தை வைத்துக்கொண்டு இதில் விளையாட முடியாது. அதனால் தொழில்நுட்ப அனுமதி கட்டாயம் வேண்டும், பரிசோதனையும் வேண்டும். அது பொறியியலாளர் செய்யும் வேலை. அதற்கு அமைச்சர் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

புதுநகர்ப் பொடியன்:

இவ்வளவு கஷ்டம் ஏன் அண்ணன்? இணைய வானொலி தொடங்கினால் முடிந்தது. கோபுரமும் வேண்டாம், அமைச்சரும் வேண்டாம். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களும் கேட்பார்கள்.

படுவான்கரையான்:

தம்பி, தொடங்குங்கள், நானும் கேட்பேன். ஆனால் வெள்ளத்தில் மின்சாரம் போனால் கொஞ்ச நேரத்தில் தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடும். சிக்னல் போய்விட்டால் இணைய வானொலியும் போய்விடும். இரண்டு பென்டோர்ச் பற்றரி போட்ட சின்ன ரேடியோ அப்போதும் பேசும். வேளாண்மைக் காலத்தில் யானைக்குக் காவல் இருக்கிற பரணில் போய்ப் பாருங்கள். இரவில் கம்பில் கொளுவி வைத்திருப்பது அந்த ரேடியோதான். விடிய விடிய டேட்டா போட்டுக் கேட்க அந்த விவசாயிக்குக் கட்டுபடியாகாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பிள்ளைகளே, நான் இதற்குக் குறுக்கே நிற்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். எனக்குப் பயம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் வாழ்கிற இடம் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். தமிழ் ஊர், அடுத்தது முஸ்லிம் ஊர், திரும்பத் தமிழ் ஊர். அம்பாறைக்குப் போனால் சிங்கள ஊர்களும் சேரும். சந்தையில் ஒரு வாய்த்தர்க்கம் நடந்தால் மாலைக்குள் அது ஊர்ச் சண்டையாகிக் கடை பூட்டிய நாட்களை நான் கண்டிருக்கிறேன். அப்போது வாய்வழியாகப் பரவிய வதந்தி ஒரு வானொலியின் குரலில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1994இல் ருவாண்டாவில் ஒரு தனியார் வானொலி இனப்படுகொலையை எப்படித் தூண்டியது என்று உலகமே பார்த்தது. ஊருக்கொரு வானொலி கொடுத்தால் ஊருக்கொரு வானொலி மட்டும்தான் மிஞ்சும், மற்ற ஊர்க்காரனின் குரல் அதில் வராது. ஆறு மாதத்தில் அது தேர்தலுக்கு நிற்கிறவரின் மேடையாகும்.

அரசாங்கத்திடம் இந்த அதிகாரம் இருப்பது எனக்கும் பிடித்தமானதல்ல. ஆனால் யாரிடமாவது கடிவாளம் இருக்க வேண்டும்.

சட்டம்படிப்பவள்:

சேர், உங்கள் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் அந்தக் கடிவாளம் இதுவரை எதற்குப் பாவிக்கப்பட்டது என்று பாருங்கள்.

2007 ஒக்டோபரில் ஒரே குழுமத்தின் ஐந்து எப்.எம் வானொலிகளின் உரிமம் பறிக்கப்பட்டது. தெற்கில் புலிகளின் தாக்குதல் என்று பொய்ச் செய்தி சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. செய்தி பிழை என்றால் திருத்தம் வெளியிடச் சொல்லலாம், தண்டம் போடலாம். சொன்னது ஒரு செய்தி. நிறுத்தப்பட்டது ஐந்து வானொலி. அதில் சூரியனும் ஒன்று. போர் நடந்த காலத்தில், தமிழில் கேட்கிற இலட்சக்கணக்கான ஆட்களின் காதில் இருந்து ஒரு வானொலியைப் பிடுங்கினார்கள். சுயாதீனமாக யாரும் விசாரித்து எடுத்த முடிவல்ல அது. அதற்கு முந்திய உதாரணமும் உண்டு. நாட்டின் முதல் தொலைக்காட்சியான ஐ.டி.என் 1979 ஏப்ரலில் தனியார் முயற்சியாகத் தொடங்கியது. ஜூன் மாதமே அரசாங்கம் கையேற்றது.

வெறுப்பைப் பரப்பினால் நடவடிக்கை எடுக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து எனக்கில்லை. ஆனால் அதை உரிமத்தின் நிபந்தனையாக முதலே எழுத வேண்டும். முறைப்பாடு வந்தால் இரு தரப்பையும் கேட்க வேண்டும். எச்சரிக்கை, திருத்தம், தண்டம் என்று படிப்படியாகப் போக வேண்டும். பறிப்பது கடைசி. அதற்கு மேல் நீதிமன்றம். 2023இல் ஒலிபரப்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்று ஐந்து பேர் கொண்ட அமைப்புக்கு ஒரு வரைபு வெளிவந்தபோது ஊடகத்துறை முழுவதும் எதிர்த்ததற்குக் காரணம் இதுதான். ஆணைக்குழு என்று பெயர் வைத்துவிட்டு, உறுப்பினர்களை ஆட்சியில் இருப்பவர் தெரிவு செய்தால், 1997இல் விழுந்ததே திரும்பி வருகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மகள், நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் படிப்படி என்று சொல்கிற அந்த நடைமுறை முடிவதற்குள் ஊர் எரிந்துவிடும் என்றால்? அதற்கு விடை வராத வரை எனக்கு முழுச் சம்மதம் இல்லை.

கல்முனைக்கரை:

சேர், அதற்கு விடை உரிமத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதிலேயே இருக்கிறது. ஒரு ஊருக்கும் ஒரு சமூகத்துக்கும் கொடுக்காதீர்கள். தமிழ் ஊரான களுவாஞ்சிகுடியும் கல்முனைக்கு இப்பால் இருக்கும் முஸ்லிம் ஊரான மருதமுனையும் அலைக்கம்பம் மேலே சொன்ன கணக்குப்படி ஒரே கோபுரத்தின் கீழ் வருமே, அப்படியானால் நிர்வாக சபையில் இரண்டு ஊரும் இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகப் போடுங்கள். செய்தி வாசிப்பவர்களிலும் இரண்டு பக்கமும் இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வதந்தியை வாசிப்பது கஷ்டம். கட்சியில் பதவி வகிப்பவர், தேர்தலில் நிற்பவர் யாரும் சபையில் இருக்கக் கூடாது. கோயில் பரிபாலன சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் தேவாலயமும் ஆதரவு தரலாம், உரிமையாளராக வரக் கூடாது.

பணம்தான் எனக்கு உள்ள பெரிய கவலை. ஆரம்பித்த பிறகு மாதாமாதம் மின்கட்டணம், ஆட்களின் படி, பழுதுபார்ப்பு என்று வரும். உள்ளூர்க் கடைக்காரரின் விளம்பரம் ஓரளவு தாங்கும். அது போதாமல் போகிற அன்று ஒரு அரசியல்வாதி வந்து "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அந்த நாளுக்கு என்ன செய்வது என்று முதலே யோசிக்க வேண்டும். பெரிய வானொலிகள் இந்த அலைவரிசையை வைத்து உழைக்கின்றன. அவற்றிடம் நியாயமான கட்டணம் வாங்கி அதில் ஒரு பங்கை மக்கள் வானொலிகளுக்கு ஒதுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அலைக்கம்பம்:

கல்முனைக்கரை நானா சொன்னதோடு இன்னும் ஒன்று. இந்த நாட்டில் சமுதாய வானொலி புதிய எண்ணம் அல்ல. மகாவலி சமுதாய வானொலி 80களிலேயே இருந்தது. கொத்மலை 1989இல் தொடங்கியது. வெளிநாட்டில் இருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அவையெல்லாம் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கிளைகள். ஊர் மக்கள் பேசலாம், உரிமம் ஊர் மக்களுடையது இல்லை. நேபாளத்தில் 1997இல் றேடியோ சாகர்மாதா சுயாதீனமாக வந்தது. அதற்குப் பிறகு அந்த மலை நாடு முழுவதும் உள்ளூர் வானொலிகள் பரவின. சென்னையில் 2004இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் சமுதாய வானொலியைத் தொடங்கியது. முதலில் தொடங்கிய நாங்கள் பின்னால் நிற்கிறோம்.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. முதல் உரிமம் அவற்றின் வழியாகக் கேட்டால் மறுப்பது கடினம் என்று நினைக்கிறேன்.

திருக்கோவில் மீனாள்:

வாசித்துக்கொண்டே வந்தேன், ஒரு விசயம் விடுபட்டுப் போகிறது. எல்லோரும் யார் பேசலாம் என்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். கேட்கிறவர்களுக்கும் உரிமை இல்லையா?

எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். காற்று மாறுகிறது என்ற அறிவித்தல் "கிழக்குக் கடற்பரப்பு" என்று ஒரே வரியில் வரும். திருகோணமலையில் இருந்து பொத்துவில் வரை கரை எவ்வளவு நீளம்? எங்கள் துறைக்கு அது என்ன அர்த்தம் என்று விளக்கிச் சொல்ல யாரும் இல்லை. பெண்களுக்கு இன்னும் மோசம். நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்கிறதைப் பற்றி, பிரதேச செயலகத்தில் எந்தப் படிவம் எந்த மேசையில் என்பதைப் பற்றி எந்த வானொலியும் பேசாது. எங்களுக்குத் தேவையானது விளம்பரக்காரருக்குத் தேவையில்லை, அதனால் அது ஒலிபரப்பாகாது.

சட்டம்படிப்பவள்:

மீனாள் அக்கா, அதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒரு கல்வி நிகழ்ச்சியை 1995இல் திடீரென்று இடையில் நிறுத்தியது. அதைக் கேட்டுப் பங்குபற்றிக்கொண்டிருந்த ஒரு நேயர் உயர் நீதிமன்றம் போனார். 1996இல் தீர்ப்பு வந்தது. பங்குபற்றும் நேயர் என்ற வகையில் அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று நீதிமன்றம் ஏற்றது. கேட்கிறவர் வெறும் வாடிக்கையாளர் இல்லை என்று எங்கள் நீதிமன்றமே சொன்ன பிறகு, உரிமம் கொடுக்கும்போது நேயர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. உரிமம் புதுப்பிக்கும்போது அந்தப் பகுதி மக்களிடம் பகிரங்கமாக அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்பதைக் கோரிக்கையில் சேருங்கள்.

படுவான்கரையான்:

சேர்க்கிறேன். எங்கள் பக்கத்து அனுபவத்தையும் எழுத வேண்டும். எங்கள் சங்கத்தில் சில பேர் சேர்ந்து சிறிய எப்.எம் ஒன்றுக்கு விசாரித்தோம். ஒரு காரியாலயத்தில் மற்றக் காரியாலயத்தின் கடிதம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். அங்கே போனால் முதல் காரியாலயத்தின் கடிதம் வேண்டும் என்றார்கள். விண்ணப்பப் படிவம் கேட்டோம், அப்படி ஒன்று இல்லை, கடிதமாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தோம். கிடைத்தது என்ற பதில்கூட வரவில்லை. மறுத்திருந்தால் காரணம் கேட்டிருக்கலாம். மறுக்கவும் இல்லை என்பதால் எங்கே முறையிடுவது என்றே தெரியவில்லை. இந்த மௌனத்தைத்தான் சட்டம் முதலில் உடைக்க வேண்டும். இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில், மறுத்தால் காரணத்தோடு மறுப்பு.

தொலைக்காட்சியைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஜப்பானிய ஐஎஸ்டிபி–டி முறையில் டிஜிட்டலுக்கு மாறுவது என்று 2014இல் முடிவெடுத்தும் அது இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. மாறினால் ஒரு அலைவரிசையில் பல சனல் போகும். அப்போது கிழக்குக்கு ஒரு இடம் இப்போதே கேட்டு வைக்காவிட்டால் அதையும் பெரியவர்கள் பங்கு போட்டுவிடுவார்கள். ஆனால் இந்த இழையில் வானொலியோடு நிற்போம், அதுதான் எங்கள் சக்திக்கு எட்டும்.

அடுத்த வேலை: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு விண்ணப்பம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு ஒன்று: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் எந்தெந்த எப்.எம் அலைவரிசை யாருக்குக் கொடுக்கப்பட்டது, எவை பாவிக்கப்படாமல் கிடக்கின்றன? அமைச்சுக்கு மற்றது: உரிம விண்ணப்பத்தை எந்த அளவுகோலில் பார்க்கிறார்கள், முடிவு தெரியாமல் எத்தனை விண்ணப்பம் கிடக்கிறது? நான் தமிழில் வரைந்து இங்கே போடுகிறேன். தமிழிலேயே அனுப்புவோம், பதிலும் தமிழில் வர வேண்டும், அது எங்கள் உரிமை.

அலைக்கம்பம்:

முதல் விண்ணப்பத்தில் ஒலிபரப்புச் சக்தி எத்தனை வாட், அன்டெனா உயரம் எவ்வளவு, கோபுரம் எந்த இடத்தில் என்பதையும் கேளுங்கள். வெறும் பட்டியல் வந்தால் எங்கே இடம் இருக்கிறது என்று கணக்குப் பார்க்க முடியாது. இந்த மூன்றும் கிடைத்தால் வரைபடம் நான் போட்டுத் தருகிறேன்.

கல்முனைக்கரை:

எங்கள் பக்கத்துக் கையெழுத்துகளை நான் பார்க்கிறேன். சாய்ந்தமருதில் இருந்து அக்கரைப்பற்று வரை மீனவர் சங்கங்களிடமும் விவசாய சங்கங்களிடமும் கேட்கலாம். பாண்டிருப்புப் பக்கம் யாராவது வாருங்கள், ஒன்றாகப் போவோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

வரைவை எனக்கும் காட்டுங்கள். நிர்வாக சபையின் நிபந்தனைகளை நான் எழுதித் தருகிறேன், அது இறுக்கமாக இருந்தால் என் கையெழுத்தும் வரும்.